கண்டலாற்றில் ‘ரைட்’ என்ற சொல் கவிழ்ந்த விதம்

திரு ஓங்குக. கண்டலாற்றில் நீர் குறையாதிருக்க. கழிமுகத்தில் வீசிய வலை வெறுமனே திரும்பாதிருக்க.

வெண்சங்கு நாட்டுக்கும் அதன் பதினான்கு துறைகளுக்கும் உடையவரும், கேட்டதை மறவாதவரும், கொடுத்த வாக்கை மறுநாள் திருத்தி அறியாதவருமான ஸ்ரீ ஆதிநாத மழவராய மகாராசா அவர்களின் திருவுளப்படி, அவர்தம் பிரதானி அம்பலவாணப் பிள்ளை எழுதும் ஓலை. வடதுறைக் கோட்டையில் வீற்றிருக்கும் ஆங்கில வணிகர் குழுவின் தலைவர், பெரிய துரை கிளேட்டன் அவர்கள் காண்க. உமது மன்னருக்கு நலம் உண்டாகுக. உமது ஊர் எத்திசையில் உள்ளதென்று இங்கே எவருக்கும் திட்டமாகத் தெரியாது. எத்திசையாயினும் அங்கேயும் மழை பெய்க.

கார்த்திகை மாதம் மூன்றாம் நாள் உமது கடிதம் வந்து சேர்ந்தது. எம் அவையில் மொழிபெயர்க்கும் துபாஷி கஸ்பார் மொத்தா என்பவர் வேண்டுமென்றே பிழைபடச் சொல்லி உங்கள் பண்டத்தோணியைக் கவிழ்த்துவிட்டாரென்றும், அவரைக் கைகட்டி உம்மிடம் ஒப்படைத்தால் தூக்கிலிட்டு நியாயம் செய்துகொள்வீர் என்றும் எழுதியிருந்தீர். உங்கள் மொழி அறிந்தவர் இந்த அவையில் அவர் ஒருவரே ஆகையால், அக்கடிதத்தையும் கஸ்பார் மொத்தாவே வாசிக்க வேண்டியதாயிற்று. தம் கழுத்துக்குக் கயிறு கேட்ட வரி வந்தபோது அவர் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு சொல்லையும் விடாமல், ஒரு சொல்லையும் மெலிதாக்காமல் கடைசிவரை படித்தார். படித்து முடித்துக் கடிதத்தை மடித்துத் தந்துவிட்டுத் தம் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

உமது தளபதி ஆட்லி துரை உமக்குச் சொன்னது கொஞ்சம். சொல்லாமல் விட்டது மிகுதி. விட்டதை எழுதும்படி மகாராசா கட்டளையிட்டதால் எழுதலானோம். இல்லையேல் உமது கடிதத்துக்கு ஓர் ஓலைத் துண்டும் மிகை.

கஸ்பார் மொத்தா எங்கள் கடற்கரைப் பரதவர் குலத்தவர். வயது நாற்பத்தெட்டு. பதினேழாம் வயதில் உங்கள் கப்பலொன்றில் பாய் தைக்கப் போனவர், பதினோராண்டு கழித்து உங்கள் மொழியோடும் இடக்காலில் ஒரு நொண்டலோடும் திரும்பி வந்தார். அன்று முதல் இருபது ஆண்டுகளாக எம் அவையில் துபாஷியாக இருக்கிறார். ஆங்கிலத்தில் தமக்குத் தெரியாத சொல் கடலுக்கு இப்பால் வந்ததில்லை என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு உண்டு. அந்தப் பெருமையை நாங்களும் பொறுத்து வந்தோம். வேறு யாருக்கும் தெரியாததால் மறுத்துச் சொல்லவும் ஆளில்லை.

சென்ற பங்குனியில் ஆட்லி துரை எம் அவைக்கு வந்து, துணிப்பொதிகளை மழைக்கு நனையாமல் வைக்க ஓரிடம் வேண்டுமென்று பணிந்து கேட்டார். அப்போது அவருக்கு இடுப்பு நன்றாக வளைந்தது. மகாராசா இரங்கி, கண்டலாற்றின் வலப்புறம், பழைய உப்பளம் முதல் கழிமுகம் வரை பண்டகசாலை கட்டிக்கொள்ளலாம் என்று அருளினார். எங்கள் மொழியில் ஓலை எழுதப்பட்டது. தம் மேலிடத்தார்க்குக் காட்டவென்று துரையும் ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்து அதிலும் முத்திரை கேட்டார். அதில் ‘ஆற்றின் ரைட் வணிகர் குழுவுக்கு’ என்றிருந்தது.

அவ்வரியைக் கண்டதும் மொத்தா தயங்கினார். பக்கம் என்றோ கரை என்றோ அதற்குப் பின்னே ஒரு சொல் இருக்க வேண்டுமே என்று அவருக்குப் பட்டது. துரையின் அருகே போய் மெல்லக் கேட்டார். துரை சிரித்தார். தம் வலக்கையை மொத்தாவின் முகத்துக்கு நேரே தூக்கி ஆட்டி, பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் இந்தத் துபாஷிக்குத் தெரியவில்லை என்று தம் ஆட்களிடம் சொல்ல, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவை முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. மொத்தாவுக்குக் காது சிவந்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் திரும்பி, ‘ஆற்றின் வலப்புறம்’ என்று உரக்க வாசித்தார். முத்திரை விழுந்தது.

ஆடி மாதம் புதுப்புனல் வந்தபோது வலக்கரை நெடுக, கழிமுகம் முதல் ஓடத்துறை வரை, மரக்கட்டைகளில் கோத்த இரும்புச் சங்கிலி ஒன்று ஆற்றுக்குள் கிடந்தது. ஓடம் வரக்கூடாது, வலை வீசக்கூடாது, துரையின் சீட்டு இல்லாமல் ஒருவரும் கரையேறக்கூடாது என்று சிப்பாய்கள் காவல் நின்றார்கள். எதிர்க்கரையில் ஏழு ஊர்கள் உள்ளன. அவற்றுக்கு வைத்தியரும் சந்தையும் கோயிலும் வலக்கரையில்தான்.

அந்த மாதம் பதினாறாம் நாள் உச்சிப்பொழுதில், எதிர்க்கரைக் கண்டல் காட்டில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த கருத்தான் என்பவனைப் பாம்பு கடித்தது. ஓடக்காரி மாடத்தி அவனைத் தன் ஓடத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். சங்கிலி தடுத்தது. மேல்துறை வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும் வழியில் அவன் உயிர் பிரிந்தது. மறுநாள் அவள் துடுப்பை எடுத்துக்கொண்டே அவைக்கு வந்துவிட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம். உமது கோட்டையில் யாராவது தமிழ் அறிந்தவர் இருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும்:

“ஓடத்துல கருத்தான் கெடக்கான், வாயில நொர தள்ளுது. எதுத்த கர தெரியுது சாமி, வைத்தியரு வீட்டு வாசல் தெரியுது. சிப்பாய் சங்கிலிய அவுக்க மாட்டேங்கான். ஆறு தொரைக்கு உரிமையாம். நான் பொறந்ததுலருந்து துடுப்புப் போடுத தண்ணி, எப்ப அவனுக்கு உரிமையாச்சு? இந்தா நிக்காரே, இந்த மொத்தா ஐயா, இவரு வாசிச்ச காயிதத்துல அப்பிடித்தான் இருக்காம். இவருகிட்ட கேளுங்க.”

மகாராசா கேட்டார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வினவ, வலப்புறம் என்றார் மொத்தா. வேறு பொருள் உண்டா என்று வினவ, சரி என்பதற்கும் அதுவே என்றார். இன்னும் உண்டா என்றபோது, நேராகப் போவதும், நீதியும், தச்சர் மூலைமட்டத்தில் பார்க்கும் செங்கோணமும், கவிழ்ந்த தோணியை நிமிர்த்துவதும் எல்லாம் அந்த ஒரு சொல்லே என்றார். அவையில் சிலர் சிரித்தார்கள். எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் தாழ்ந்த குரலில் உரிமை என்பதும் அதுவே என்றபோது யாரும் சிரிக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தவன் அன்று ஒன்றை மட்டும் ஏன் சொன்னாய் என்று மகாராசா கேட்டார். கைக்கூலி வாங்கினேன் என்றோ, கவனிக்கவில்லை என்றோ அவர் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இது:

“வெக்கம் மகராசா. எல்லாரு முன்னாலயும் அவன் சிரிச்சான். இன்னொரு தரம் கேக்க வெக்கமா இருந்துது.”

மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒம்ம வெக்கத்துக்கு ஒரு உசுரு போச்சே ஐயா” என்றாள். 

சங்கிலியை அகற்றும்படி ஆட்லி துரைக்கு ஆள் போயிற்று. துரை அனுப்பிய மறுமொழி எம்மிடம் பத்திரமாக உள்ளது. வேண்டுமானால் வந்து பார்க்கலாம். இந்த ஆற்றைப் பொறுத்தமட்டில் ‘ரைட்’ என்னும் சொல் எந்தப் பக்கத்தையும் குறிக்காதென்றும், உரிமையை மட்டுமே குறிக்குமென்றும், அரசரின் ஊழியர் எவரேனும் இனி அதை வலப்புறம் என்று கொண்டால் அது வணிகர் குழுவுக்குச் செய்யும் தீங்காகக் கருதப்படுமென்றும் எழுதி, கீழே தம் பெயரை வாலோடு சுழித்துப் போட்டிருந்தார். பங்குனியில் கையைத் தூக்கி ஆட்டிய அதே மனிதர் அவர். எங்கள் மாட்டுச்சந்தைத் தரகன்கூட, விலை சொல்லித் துண்டுக்குள் பிடித்த விரலை வெளியே வந்து மாற்றிச் சொல்ல நாணுவான். நாணம் என்பதற்கு உங்கள் மொழியில் சொல் இருக்கிறதா என்று மொத்தாவிடம் கேட்டோம். சொல் இருக்கிறதாம்.

சங்கிலியை அறுக்கப் படை அனுப்பலாம் என்றார்கள் சிலர். மழைக்காலம் முடியட்டும் என்று மகாராசா பொறுத்தார். மொத்தாவைச் சிறையில் வைத்தவர் இந்தப் பிரதானிதான். அவர் துரையின் ஆள் என்று எமக்கு ஐயம் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. இரண்டரை மாதம் இருந்தார். அவர் வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. அவர் மனைவி பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். சிறையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. துரை அனுப்பிய மறுமொழிக்கு ஒரு நகல் கேட்டார். அதை எழுதி இடுப்பில் முடிந்துகொண்டார். எத்தனை முறை படித்தாரோ, காவலர்களுக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

ஐப்பசி மாதம் உமது கப்பல் கடலில் நங்கூரமிட்டது. அதிலிருந்து பண்டத்தோணி ஒன்று சரக்கோடு ஆற்றுக்குள் வர வேண்டும். கழிமுகத்து மணல்மேடு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறும். எங்கள் ஆள் வழிகாட்டாமல் எந்தத் தோணியும் உள்ளே வராது. துரை மீண்டும் இடுப்பை வளைத்து ஆள் கேட்டார். கடலில் நிற்பவனைக் கைவிடுவது எம் வழக்கமன்று. ஆகவே அந்தக் கழியில் முப்பது ஆண்டு சுக்கான் பிடித்த தோணித் தலைவரான தொம்மைத் தண்டலை அனுப்பினோம். தம் சொல்லை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று துரை கேட்டதால், மொத்தாவையும் சிறையிலிருந்து விடுவித்து அனுப்பினோம். தோணியில் என்ன சரக்கு என்று தொம்மை முறைப்படி கேட்டார். துணிப்பொதி என்று துரையின் ஆட்கள் சொன்னார்கள். இதை நினைவில் கொள்ளும்.

ஒன்பதாம் நாள் காலை, நீரேற்றத்தில் தோணி உள்ளே வந்தது. துணி ஏற்றிய தோணிக்கு மணல்மேட்டின் மேல் போதிய தண்ணீர் இருந்ததால் தொம்மை நேராகவே செலுத்தினார். தோணியில் இருபத்திரண்டு கூலிக் கப்பலோட்டிகள். அவர்களில் தமிழோ ஆங்கிலமோ அறிந்தவர் இல்லை. ஆட்லி துரை பண்டகசாலை மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோணி மேட்டை நெருங்க நெருங்க அவர் துள்ளத் தொடங்கினார். குரல் எட்டும்படி வாயில் குழல் வைத்து, “ரைட், ரைட்” என்று கத்தினார்.

“என்னவாம் மொத்தா அண்ணே?” என்று கேட்டார் தொம்மை.

 துரை கத்துகிறார், தொம்மை சுக்கானைப் பிடித்தபடி காத்திருக்கிறார், மேடு இருபது ஆள் நீளத் தொலைவில் இருக்கிறது. மொத்தாவின் கை தானாக இடுப்பு முடிச்சுக்குப் போயிற்று. இந்த ஆற்றில் அச்சொல் எந்தப் பக்கத்தையும் குறிக்காது என்று கத்துகிறவரே எழுதியிருக்கிறார். ஆற்றில் உரிமை, ஆற்றில் உரிமை என்று இந்த நேரத்தில் ஒருவர் குழல் வைத்துக் கத்துவாரா என்று நினைத்தார். அவை இரண்டும் போனால் மிஞ்சுவது ஒன்றுதான்.

“சரி, சரிங்கான். போகலாங்கான்.”

“நானும் அதத்தான் நெனச்சேன்” என்று சொல்லித் தொம்மை நேரே விட்டார்.

துணி ஏற்றிய தோணியாக இருந்தால் போயிருக்கும். இது வயிறு தரையில் இடித்து, குறுக்கே திரும்பி, அலையில் ஒருபுறமாகச் சாய்ந்தது. ஆட்கள் எல்லாரும் தண்ணீரில் விழுந்தார்கள். வற்றத் தொடங்கிய நீர் அவர்களைக் கடலை நோக்கி இழுத்தது. துரையின் கரையில் படகு ஒன்றும் இல்லை. சங்கிலி கழிமுகத்து நீரையும் வளைத்திருந்ததால் எங்கள் ஓடங்கள் எல்லாம் அதற்கு அப்பால் நின்றன. முதல் ஓடத்தில் மாடத்தி நின்றாள்.

காவல் சிப்பாய் அவளைப் பார்த்தான். அவள் சிப்பாயைப் பார்த்தாள். “துரை சொல்லணும்” என்றான் அவன்.

“தொரை கத்திக்கிட்டுத்தான இருக்காரு. கருத்தானப் பாத்துக்கிட்டு நின்னமாதிரி இவங்களயும் பாத்துக்கிட்டு நிப்பியாலே?”

அந்தச் சிப்பாய் பெயர் எமக்குத் தெரியும். அவன் நன்மை கருதி எழுதவில்லை. அவன் கட்டளைக்குக் காத்திராமல் கொக்கியை எடுத்துவிட்டான். சங்கிலி நீரோடு ஒதுங்கியது. ஒன்பது ஓடங்கள் உள்ளே பாய்ந்தன. இருபத்திரண்டு பேரும் கரையேற்றப்பட்டார்கள்; ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தொம்மை நீந்திக் கரை சேர்ந்தார். நொண்டிக் காலோடு நீந்த முடியாமல் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்த மொத்தாவின் அருகே மாடத்தியின் ஓடம் வந்தது. அவர் அவளைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டவில்லை.

“ஏறும்” என்றாள் அவள். “ஒம்ம மேல உள்ள கோவம் கோவந்தான். ஏறும்.”

பிற்பகல் நீர் முழுதும் வற்றியபோது ஊரே கரையில் நின்றது. மணலில் சாய்ந்து கிடந்த தோணியின் கட்டுகள் அறுந்து, துணிப்பொதிகள் ஏழெட்டு வெளியே உருண்டிருந்தன. அவற்றின் கீழே வைக்கோல். வைக்கோலுக்குக் கீழே இரண்டு பெரிய பீரங்கிகள், எங்கள் அரண்மனை இருக்கும் திசை நோக்கி வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. மழையில் நனையாமல் துணி வைக்க இடம் கேட்டவர்க்குப் பீரங்கி எதற்கு என்பதை நீர் உமது தளபதியிடம் கேட்டு எழுதலாம். மேட்டுக்கு வலப்பக்கம் திருப்பச் சொல்லி அவர் ஏன் துள்ளினார் என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. தோணியின் கனம் அவர் ஒருவருக்கே தெரியும்.

வேண்டுமென்றே செய்தாயா என்று மகாராசா மொத்தாவைக் கேட்டார். தப்பித்துக்கொள்ள எளிய மறுமொழிகள் இருந்தும் அவர் சொன்னார்: “அந்நேரம் எனக்கே தெரியல மகராசா. ரெண்டு அர்த்தம் முன்னால நின்னுது. அவன் கையெழுத்துப் போட்டுத் தள்ளி வச்ச அர்த்தத்த நான் எடுக்கல. துணின்னு நம்பித்தான் சொன்னேன். பீரங்கி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாது.”

இது நடந்தது. இதன் பின்னர், தம் ஆட்கள் இருபத்திரண்டு பேரை நீரிலிருந்து தூக்கியவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதாமல், துபாஷியின் தலை கேட்டு உம்மிடம் ஓடியிருக்கிறார் ஆட்லி துரை. நீரும் அதை நம்பிக் கயிற்றோடு எழுதுகிறீர். சங்கிலி போட்டு ஒருவனைக் கொன்ற சொல் வேறு, தோணியைக் கவிழ்த்த சொல் வேறு என்று எண்ணுகிறீரோ? இரண்டும் ஒன்றே. வலப்புறம் என்று வாங்கி, உரிமை என்று கொண்டாடி, சரி என்று கவிழ்ந்தவர் உமது தளபதி. தாம் வளர்த்த சொல் தம்மையே கடித்தது என்று அழுபவரைத் தேற்ற எமக்கு நேரமில்லை.

ஆகையால் மகாராசா அருளும் தீர்ப்பைக் கேளும். கஸ்பார் மொத்தா உம்மிடம் ஒப்படைக்கப்பட மாட்டார். அவர் செய்த பிழை உம்மிடம் செய்ததன்று; பங்குனியில் வாய்மூடி நின்று எம்மிடம் செய்தது; கருத்தானிடம் செய்தது. அதற்குரிய தண்டம் எம்முடையது. ஓராண்டுக் காலம் அவர் துபாஷியாக இருக்கலாகாது. மாடத்தியின் ஓடத்தில் துடுப்புப் போட வேண்டும். கருத்தானின் வீட்டார் எப்போது எங்கே போக வேண்டினாலும் அவரே கொண்டுவிட வேண்டும். அவர் இதை மறுக்கவில்லை. முதல் நாளே அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்.  கருத்தானின் மனைவி கதவைச் சாத்தவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு ஆற்றுக்குத் திரும்பினார்.

வலக்கரையில் கொடுத்த இடம் மீட்டுக்கொள்ளப்பட்டது. பண்டகசாலையைப் பிரித்து மரத்தை நீங்களே எடுத்துப் போகலாம். சங்கிலியை எங்கள் கொல்லர் உலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பீரங்கிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். நண்டுகள் குடியேறிவிட்டன, அவற்றைக் கலைக்க மகாராசா விரும்பவில்லை. இனி இந்நாட்டுக்கு வரும் எந்த எழுத்தும் எங்கள் மொழியில் வர வேண்டும். எழுத ஆள் கிடைக்காவிட்டால் எழுதாமலிருப்பது இரு திறத்தார்க்கும் நலம்.

ஆட்லி துரைக்குத் தனியே ஓலை எழுதவில்லை. அவருக்காகப் பனையேறுபவனைத் துன்புறுத்துவானேன் என்று மகாராசா கூறி, மாடத்தியிடமே செய்தியைச் சொல்லி அனுப்பினார். நேற்றுக் காலை அவள் ஓடத்தைப் பண்டகசாலை மேடைக்கு நேரே நிறுத்தி, துரையைக் கூப்பிட்டு, “கெளம்பு” என்றாளாம். அதற்கு என்ன பொருள் என்று துரை, துடுப்போடு உட்கார்ந்திருந்த கஸ்பார் மொத்தாவைக் கேட்டாராம். அவர் இப்போது துபாஷி அல்லர் ஆகையால் வாய் திறக்கவில்லை. மாடத்தி கடலைக் கைகாட்டினாளாம்.

அச்சொல்லுக்கு இங்கே வேறு பொருள் கிடையாது.

கார்த்திகை மாதம் பன்னிரண்டாம் நாள், அவையோர் அறிய எழுதி, மகாராசா செவிசாத்தி, சங்கு முத்திரை இட்டது. இவ்வோலை ஒருமுறை வாசிக்கப்படுக, வாசித்தபடியே செய்யப்படுக.